பழைய கணினிக்குப் புதிய வாயில்

ரயில் நிலையத்தில் முன்பதிவுச் சீட்டுப் பெறச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். குமாஸ்தா தம் முன்னுள்ள திரையைப் பார்த்தவாறே சில எழுத்துக்களைத் தட்டுகிறார். சில விநாடிகளில், எந்த வண்டியில் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பது தெரிந்துவிடுகிறது. அவ்விவரம் அவருடைய மேஜைமேல் உள்ள கருவியில் இல்லை. தொலைவிலுள்ள ஒரு பெரிய கணினியில் இருக்கிறது. நம் நாட்டில் இம்முறை 1985-ஆம் ஆண்டு புதுதில்லியில் தொடங்கப்பெற்றது.

பெரிய கணினியுடன் பேசுவதற்கென அமைந்த திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவிக்கு ‘முனையம்’ என்று பெயர். இன்று அதன் வேலையைச் சாதாரணக் கணினியிலுள்ள இணைய உலாவி வழியாகவே செய்ய முடிகிறது. பொதுமக்களின் கணக்குக்களும் ஆவணங்களும் கணினிகளில் ஏறிவிட்ட இக்காலத்தில், இந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

முனையம் செய்த வேலை

முற்கால முனையத்துக்குச் சொந்தமாகக் கணக்கிடும் ஆற்றல் கிடையாது. தட்டிய எழுத்தைக் கம்பி வழியே அனுப்பும். வந்த விடையைத் திரையில் காட்டும். இவற்றில் இரு வகைகள் புகழ் பெற்றன. ஒன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் வெளியிட்ட 3270 வகை. மற்றொன்று, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி. 100.

இவ்விரண்டும் வேலை செய்த விதம் வேறு. வி.டி. 100-இல் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடன் கணினிக்குச் செல்லும். இது நேரில் உரையாடுவதைப் போன்றது. 3270-இலோ, திரையிலுள்ள கட்டங்களை முழுவதும் நிரப்பிய பிறகு ஒரு விசையை அழுத்தினால் எல்லாம் ஒருங்கே செல்லும். இது விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து அலுவலகத்தில் கொடுப்பதைப் போன்றது. “திரையைத் துடை”, “பத்தாம் வரிக்குச் செல்” என்பன போன்ற கட்டளைகளையும் கணினி குறியீடுகளாக அனுப்பும். முனையம் அவற்றின்படி நடக்கும்.

வேடம் பூண்ட கணினி

1981-இல் ஐ.பி.எம். தனிநபர் கணினி வந்த பிறகு, மேஜைமேல் ஒரு கணினியும் ஒரு முனையமும் தனித்தனியே வைத்திருப்பது வீண் செலவாகத் தோன்றியது. ஆகவே தனிநபர் கணினியையே முனையம்போல் நடிக்கச் செய்யும் நிரல்கள் எழுதப்பெற்றன. தெருக்கூத்தில் நடிகர் அரசன் வேடம் பூண்டு வருவதைப் போல, சிறு கணினி முனைய வேடம் பூண்டது. எதிரே இருக்கும் பெரிய கணினிக்கு வேற்றுமை தெரியாது.

இதில் ஒரு தொல்லை இருந்தது. நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் நூறு கணினிகளிலும் அந்த நிரலை ஏற்ற வேண்டும். மாறுதல் வந்தால் நூறையும் திருத்த வேண்டும். இத்தொல்லையை நீக்கவே உலாவி வழி முறை தோன்றியது.

இடையில் நிற்கும் எழுத்தர்

பழைய பதிவேடுகள் உள்ள ஆவண அறைக்குள் மனுதாரர் நேரே நுழைவதில்லை. ஜன்னலில் மனுவைக் கொடுக்கிறார். எழுத்தர் உள்ளே சென்று பதிவேட்டைப் பார்த்து விடை கொண்டு வருகிறார். உலாவி வழி முறையிலும் இத்தகைய எழுத்தர் ஒருவர் உண்டு. அவர் ‘இடைக் கணினி’. அது ஒரு பக்கம் பழைய கணினியுடன் முனைய மொழியில் பேசுகிறது. மறுபக்கம் உலாவிக்குப் புரியும் வகையில் திரையை அனுப்புகிறது. பயன்படுத்துவோர் தம் கணினியில் தனி நிரல் எதையும் ஏற்ற வேண்டுவதில்லை. திருத்தம் வேண்டுமாயின் ஓரிடத்தில் செய்தால் போதும்.

இணையத்தின் வழக்கமான முறை, ஒரு கேள்விக்கு ஒரு விடை என்பது. முனைய வேலைக்கோ தொடர்பு விடாமல் நீடிக்க வேண்டும். தொடக்கத்தில் இதற்கு உலாவியில் ஏற்றப்படும் ஜாவாத் துணை நிரல்கள் பயன்பட்டன. பின்னாளில் உலாவிகள் அவற்றுக்கு இடமளிப்பதை நிறுத்திவிட்டன. தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும் ‘வெப்சாக்கெட்’ முறை 2011-இல் பொது நியமமாக வகுக்கப்பெற்றது. இன்றைய ஏற்பாடுகள் பல இதனையே சார்ந்துள்ளன.

காவல் எங்கே வேண்டும்?

வாயில் எளிதாகும்போது காவல் கடுமையாக வேண்டும். 1969-இல் தோன்றிய ‘டெல்நெட்’ முறையில் கடவுச்சொல் உட்பட யாவும் வெளிப்படையாகவே செல்லும். தபால் அட்டையில் எழுதிய இரகசியம் போன்றது அது. 1995-இல் வந்த ‘எஸ்.எஸ்.எச்.’ முறை செய்தியை மறைபொருளாக்கி அனுப்புகிறது. உலாவிக்கும் இடைக் கணினிக்கும் இடையே மட்டும் பூட்டுப் போட்டு, இடைக் கணினிக்கும் பழைய கணினிக்கும் இடையே திறந்து விடுவது, முன்கதவைப் பூட்டிக் கொல்லைக்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மற்றோர் அபாயமும் உண்டு. பழைய கணினியின் கண்ணுக்கு எல்லோரும் அந்த ஒரே இடைக் கணினியிலிருந்து வருபவர்களாகவே தோன்றக்கூடும். ஆகவே யார், எந்த நேரத்தில், எந்த வேலைக்காக நுழைந்தார் என்பதை இடைக் கணினியே பதிந்து வைத்தல் இன்றியமையாதது. கணினியுடன் தொடர்பு கொண்டது முதல் விடைபெறும் வரையுள்ள காலத்தை ‘அமர்வு’ என்பர். அமர்வை முடிக்காமல் ஒருவர் எழுந்து சென்றால், அடுத்து அமர்பவர் அவர் பெயரிலேயே கணக்கைத் திருத்திவிடலாம். சிறிது நேரம் வேலை நடவாதிருந்தால் அமர்வு தானே முடியுமாறு அமைத்தல் வேண்டும்.

வாயில் மட்டும் போதாது

வாயில் புதிதானால் வீடு புதிதாகிவிடாது. கொரோனா நோய் பரவிய 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகை கோரிப் பெருந்திரளாக விண்ணப்பித்தனர். அரசோ நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணினி அமைப்புக்களை நம்பியிருந்தது. ‘கோபோல்’ என்னும் பழைய கணினி மொழி அறிந்தவர்கள் முன்வந்து உதவ வேண்டுமென ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. உள்ளே இருக்கும் இயந்திரத்தை அறிந்த ஆட்களைக் காலத்தில் தயாரித்து வைக்காவிடில், அல்லற்படுவோர் உதவியை எதிர்நோக்கி நிற்கும் ஏழைகளே.

ஆகவே பொது அலுவலகம் எதிலேனும் இத்தகைய ஏற்பாடு செய்யப்பெறும்போது மக்கள் பிரதிநிதிகள் நான்கு கேள்விகள் கேட்கலாம். இரு பக்கமும் பூட்டு உண்டா? ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா? நுழைந்தவர் பெயர் பதிவாகிறதா? பழைய கணினியைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா? இவற்றைக் கேட்பதற்குக் கணினிப் படிப்பு வேண்டுவதில்லை. ஊர்ப் பொதுக் களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் பொறுப்புணர்ச்சியே போதும்.