வினாவும் விடையும்: ஊவா மலைநாட்டிற் கண்டவை

"பசறை பஸ் எத்தனை மணிக்கு?" என்று பதுளைப் பஸ் நிலையத்தில் நின்ற ஒருவரை வினாவினோம். "இப்பதானே ஒன்னு போச்சு" என்றார் அவர். அடுத்து நின்றவரைக் கேட்டோம். "பசறையிலயே எறங்கணுமா, அங்கிட்டும் போகணுமா?" என்று அவர் எம்மையே கேட்டார். மூன்றாமவர் வெற்றிலையை மென்றவாறே, "வரும், ஒக்காருங்க சார்" என்றார்.

யாழ்ப்பாணத்தினின்றும் ஆசிரியப் பணியின் பொருட்டு ஊவா மாகாணத்துக்குச் சென்ற புதிதில் எமக்கு நேர்ந்தது இது. அன்று எமக்கு உண்டான சினம் சிறிதன்று. ஒரு மணியைக் கேட்டால் மூவர் மூன்று கதை கூறுகின்றனரே என்று மனம் புழுங்கினோம். ஆயின், பஸ்ஸுக்காகக் காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில், கல்லூரியிலே நாவலரவர்களின் நன்னூற் காண்டிகையுரையை வைத்துக்கொண்டு மனனஞ் செய்து ஒப்புவித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் விடையை எட்டாக வகுத்துள்ளார். இதுவென்று காட்டும் சுட்டு, மறுத்துக் கூறும் மறை, உடன்பட்டுக் கூறும் நேர் ஆகிய மூன்றும் செவ்வன் இறை எனப்படும். நேரே விடையாவன என்பது கருத்து. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஏனை ஐந்தும் நேர்விடை அல்லவாயினும், கேட்டவன் தன் விடையைத் தானே உணர்ந்து கொள்ள உதவுதலின் விடையெனவே கொள்ளப்பட்டன. அம்முறையே நோக்கின், முதலாமவர் உற்றது உரைத்தார்; இரண்டாமவர் வினாவுக்கு எதிர் வினாவினார்; மூன்றாமவரோ உறுவதும் கூறி ஏவலும் செய்தார். மூவரும் இலக்கண வழுவின்றியே விடை கூறினர். பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் எமக்குத் தெரியாதிருந்தது! அந்த வழியிற் சில காலம் போய்வந்த பின்னரே, மணியைத் திட்டமாகக் கூறியவன் பொய்யனாகியிருப்பான் என்பதை உணர்ந்தோம்.

விடை வழுவாவது எது என்பதையும் முன்னோர் காட்டியுள்ளனர். ஊருக்கு வழி கேட்டவனிடம் தன் பசுவின் கன்றைப் பற்றிப் பேசுகின்றவனை உரைகாரர் எடுத்துக்காட்டாகத் தருவர். வினாவிலும் வழு உண்டு. ஒற்றை விரலைக் காட்டி, 'இது நெடிதோ, குறிதோ?' என்று கேட்பது அத்தகையது. ஒப்பிடுதற்கு மற்றொரு விரல் இல்லாதபோது அவ்வினாவுக்கு எவனும் விடை கூறவியலாது. விடை கூறுவோனைக் குறை கூறுமுன் வினாவை நோக்குக என்பது தொல்காப்பியர் காலந்தொட்டே தமிழிலக்கணம் கொண்ட முறை. அவர் வினாவையும் செப்பையும் ஒருங்கே வைத்தன்றோ வழுவாமற் காக்கச் சொன்னார்.

இனி, சொல்லொன்றே, பொருள் வேறு என்பதனால் வரும் இடரைச் சிறிது கூறுவாம். ஒரு நாள் மாணவன் ஒருவன் வகுப்பறை வாயிலில் வந்து நின்று, "சார், அப்பா உங்ககிட்ட பேச வந்திருக்காரு" என்றான். யாழ்ப்பாணத்தில் ஒருவரோடு உரையாடுவது 'கதைத்தல்'. 'பேசுதல்' என்றால் ஏசுதல். நாம் என்ன குற்றம் செய்தோம் என்று எண்ணியவாறே, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு வெளியே வந்தோம். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி, கைகூப்பி நின்றார் அந்தத் தந்தை. மகனுடைய படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டறிய, அரை நாள் வேலையை விட்டு வந்திருந்தார். எமது முகத்தைக் கண்டு, வந்த காரியத்தை முழுதும் கூறாமலே அவர் திரும்பிப் போனார் என்பதை நினைக்க இன்றும் நாணமுண்டாகிறது.

பிறிதொரு முறை, அப்பியாசக் கொப்பி ஏன் இன்னும் வாங்கவில்லை என்று ஒரு தாயைக் கேட்டோம். "நேத்தும் அரைப்பேருதாங்க சார்" என்றார். பெயரில் அரை எது, முழு எது என்று நாம் விழித்தோம். தோட்டத்திலே 'பேர்' என்பது செக்றோலில் விழும் ஒரு நாட் கூலி. குறித்த நிறை கொழுந்து பறியாதவர்க்கு அரைப்பேரே விழும். மழை நாளிலும் கொழுந்து குறைந்த காலத்திலும் அரைப்பேர் மிகும். கொப்பி வாங்காமைக்கு இதனினும் தெளிவான காரணம் வேறென்ன வேண்டும்?

"நேற்று ஏன் வரவில்லை?" என்ற வினாவுக்குச் சிறுவர் தரும் விடையும் இவ்வகையதே. "அம்மா மலைக்குப் போயிருச்சு சார்." இவனுடைய வரவைக் கேட்டால் அம்மாவின் போக்கைக் கூறுகின்றானே என்று ஒருவனைப் பெஞ்சின் மேல் ஏற்றியும் விட்டோம். பிள்ளைமடுவம் பூட்டிக் கிடந்தால் கைக்குழந்தையை லயத்தில் வைத்துப் பார்ப்பவன் மூத்தவனே என்பதை அயலிலிருந்த கணக்கப்பிள்ளை ஐயா எமக்கு விளக்கினார். அவன் கூறியதும் உற்றது உரைத்தலே. தோட்டத்தை அறிந்தவனுக்கு அது செவ்வன் இறையாகவே கேட்டிருக்கும்.

இவையெல்லாம் சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை ஒன்றுண்டு. அது 'ஊர்' என்னும் சொல்லாலே வந்தது. "உன் ஊர் எது?" என்று தோட்டத்து முதியவரைக் கேட்டால், தாம் கண்ணாற் காணாத திருச்சிராப்பள்ளிச் சீமைக் கிராமமொன்றின் பெயரைச் சொல்வார். பாட்டனார் புறப்பட்ட இடம் அது. பிறந்ததும், மணந்ததும், பெற்றோரைப் புதைத்ததும் நமுனுகலை மலைச்சாரலிலேயாயினும், 'ஊர்' என்றால் அவருக்கு அதுவே. மரபைக் கேட்டதாக எண்ணி மரபைக் கூறுகின்றார். யாழ்ப்பாணத்தவராகிய நாமும் கொழும்பில் முப்பதாண்டு வாழ்ந்த பின்னும் ஊர் எதுவென்றால் பிறந்த கிராமத்தைக் கூறுவோமன்றோ?

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதன்பின் 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் இவ்வினாவைப் பெருவினாவாக்கின. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. பத்திரமின்மை, பதிவின்மை முதலாகக் காரணங்கள் பல. எனினும் விசாரணைக்குப் போய்வந்த முதியோர் வாயிலாக நாம் கேட்டறிந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஊர் எதுவென்ற வினாவுக்குப் பாட்டன் கிராமத்தைக் கூறிவிட்டு வந்து, பிள்ளைகளிடம் திட்டு வாங்கியவர் பலர்.

எதிர்மறை வினாவால் வரும் மயக்கமும் உண்டு. "நீ இந்தியாவுக்குப் போகவில்லையா?" என்றால், போகாதவர் "ஆமாங்க" என்பார், 'நீங்கள் கூறியது மெய்' என்பது அதன் பொருள். ஆங்கிலமோ செயலை நோக்கி 'இல்லை' என்னும். இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் "ஆமாம்" என்பதை மட்டும் பெயர்த்து வைத்தால், போகாதவர் போனவராகிவிடுவார். இலக்கணத்தில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டையும் கூறுவாராக.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதெனவும் முடிவாயிற்று; அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974 இல் இணங்கின. எண்ணிக்கை முதலிலும் மனிதர் பின்னருமாக அமைந்த கணக்கு அது. எந்நாட்டவர் எனத் தெரிந்து கூறுமாறு மக்களைக் கேட்டனர். ஒற்றை விரலைக் காட்டி நெடிதோ குறிதோ என்ற வினாவே எமக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். தாய் ஒரு பட்டியலிலும் மணமான மகள் மற்றொரு பட்டியலிலுமாகப் பிரிந்த குடும்பங்களைப் பதுளைப் புகையிரத நிலையத்திலே பார்த்திருக்கிறோம். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் மீண்டும் நமுனுகலைப் பக்கம் சென்றோம். லயத்து வாயிலிற் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவரிடம், பழைய வழக்கத்தாலே, "அம்மா, உங்கள் ஊர் எது?" என்று கேட்டுவிட்டோம். அவர் எம்மை மேலுங் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரக் கேக்குறீங்க, சார்? எங்க தாத்தா ஊரயா, நான் பொறந்த ஊரயா, எம் மக போன ஊரயா?"

எம்மிடம் விடை இருக்கவில்லை. "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூறி அவர் உள்ளே எழுந்து போனார்.