11 மாச அக்ரிமென்ட் இருக்கு... ஆனா வாடகைக்காரர் காலி பண்ணலைன்னா?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், அரசு அருங்காட்சியகம் பக்கம் வங்கிக் கடன் வாங்கி மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேலை சென்னையில். 8,000 ரூபாய் வாடகை வந்தால்தான் கடன் தவணை கட்ட முடியும். பத்திரத் தாளில் டைப் அடித்து 11 மாத அக்ரிமென்ட்டும் போட்டாச்சு. இப்போது நான்கு மாதமாக வாடகை வரவில்லை. போன் பண்ணினால், "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்!"

வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணீங்களா?"

"11 மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்பதுதான் பலரின் பதில். சிக்கலே இங்கேதான். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்க வந்த பழக்கம்தான் 11 மாதக் கணக்கு. ஆனால் உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இவர். சார்பதிவாளர் வேறு, இவர் வேறு. இதற்கென அரசு இணையதளமும் இருக்கிறது.

பதியாவிட்டால்? அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 4ஏ பிரிவு. நீங்கள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த தாள், தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

பதிந்திருந்தால் வழி ஓரளவு தெளிவு. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் முதலில் நோட்டீஸ். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் வாடகைதாரர் தப்பித்தார். கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம். ஒருமுறை தப்பித்தவர் அதன் பிறகு ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால், மறுபடி அந்தச் சலுகை கிடையாது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் வெளியேற்றக் கேட்கலாம்.

கோபத்தில் பலர் செய்வது, ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது. தயவுசெய்து வேண்டாம். பாக்கி எவ்வளவு இருந்தாலும் 20-வது பிரிவு இதைத் தடுக்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால் இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவு வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்திலும் கணக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 8,000 என்றால் 24,000. காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும்.

திருக்கோகர்ணம் மாதிரி பழைய கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரில் வீடு வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மனை யாருடையது? கோயில் இடம் என்றால் 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் உள்ளே வரும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி தேவை. விற்பவர் காட்டும் வீட்டு வரி ரசீதை மட்டும் நம்பாமல், மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பாருங்கள்.