ஒரு வரித் திருத்தம்

2021 ஏப்ரல் 19. செவ்வாய்க் கோளின் ஜெசெரோ பள்ளத்தில் 1.8 கிலோ எடையுள்ள ஒரு ஹெலிகாப்டர் 3 மீட்டர் உயரம் எழும்பி, 39 விநாடிகள் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. மனிதர் செய்த எந்திரம் வேறொரு கோளில் தன் விசையால் கட்டுப்பாட்டோடு பறந்தது அதுவே முதல் முறை. 'இன்ஜெனுவிட்டி' என்ற அந்த ஹெலிகாப்டருக்குள் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். கூடவே எத்தனையோ திறமூல மென்பொருள்கள். அவற்றில் பங்களித்தவர்கள் யார் யார் என்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தேடிப் பார்த்தபோது ஏறக்குறைய 12,000 பேர் தேறினார்கள். ஒவ்வொருவரின் கிட்ஹப் பக்கத்திலும் ஒரு சிறு பதக்கச் சின்னம் ஏறியது. தங்கள் உழைப்பு செவ்வாய் வரை போயிருக்கிறது என்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

நிரல் எழுதியவர்களோடு, விளக்கக் குறிப்பு எழுதியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நாளில் முன்பின் தெரியாத இடத்துக்கு வந்து, "இங்கே ஒரு பிழை இருக்கிறது, இப்படித் திருத்தலாமா?" என்று தயங்கிக் கேட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்தத் தயக்கத்துக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு மென்பொருளின் ஆயுள் அமைகிறது.

திறமூல மென்பொருளின் நிரல் யாரும் படிக்கும்படி திறந்திருக்கும். பிழை கண்டவர் ஒரு பிரதி எடுத்துத் தன் கணினியில் திருத்துவார். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் சிறு கோப்புதான் 'பேட்ச்'. அதை அவர் அனுப்பிவைப்பார். நிரலின் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் அதை வரிவரியாகப் படிப்பார், கேள்வி கேட்பார், மாற்றி அனுப்பச் சொல்வார், நிறைவானால் சேர்த்துக்கொள்வார். லினக்ஸின் கருவான கர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிதாக வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன. அனுப்புகிறவர்களில் இருநூறு பேருக்கு மேல் முதன்முறையாக வருகிறவர்கள்.

புதிதாக வருகிறவருக்கு அங்குள்ள வழக்கங்கள் கெடுபிடியாகத் தோன்றும். கர்னலுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் வண்ண எழுத்து கூடாது, வெற்று உரையாக இருக்க வேண்டும். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான் இருக்கலாம். கடைசியில் அனுப்புகிறவர் தன் பெயரிட்டு, இதைத் தரும் உரிமை தனக்கு உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. வெற்று உரையாக இருந்தால்தான் அஞ்சலிலிருந்தே திருத்தத்தை நேராக எடுத்துப் பொருத்த முடியும், ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் கருத்து எழுத முடியும். ஒரு பேட்ச்சில் ஒரே மாற்றம் இருந்தால்தான், பின்னால் ஏதேனும் கெட்டுப்போகும்போது அதை மட்டும் கழற்ற முடியும். விதி தெரியாமல் வருகிறவரிடம் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர் கற்றுக்கொள்கிறார். விதியை மட்டும் எறிந்தால் திரும்பிப் போய்விடுகிறார்.

எறிகிறவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பராமரிப்பாளர்களில் பலர் சம்பளமில்லாமல் இரவில் உழைப்பவர்கள். ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் எழுதும்போது யாருக்கும் பொறுமை தேயும். இணையத்தின் தொடக்க காலத்தில் யூஸ்நெட் என்ற உரையாடல் வலையில், ஆண்டுதோறும் செப்டம்பரில் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த மாணவர்கள் திரளாக வந்து குழப்புவார்கள். சில வாரங்களில் பழகிவிடுவார்கள். 1993-க்குப் பிறகு பொதுமக்களும் வரத் தொடங்கியதால் அந்த வரத்து நிற்கவே இல்லை. பழையவர்கள் அதை 'முடிவில்லாத செப்டம்பர்' என்று அலுப்போடு அழைத்தார்கள். "கையேட்டைப் படித்துவிட்டு வா" என்று ஒற்றை வரியில் விரட்டும் வழக்கம் இப்படிப்பட்ட அலுப்பில்தான் ஊறி வளர்ந்தது.

அந்த வழக்கத்தின் விலை என்ன? விக்கிப்பீடியா அதைக் கண்கூடாகக் காட்டியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுப் பிறகு சரியத் தொடங்கியது. விஷமிகளைத் தடுக்கக் கொண்டுவந்த தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்தே தள்ளின. தள்ளப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. இதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியது. வேலியை உயர்த்தியதில் பயிருக்கே வெயில் இல்லாமல் போயிற்று.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு காலத்தில் புதியவர்தான். 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவராக, தன் பொழுதுபோக்கு முயற்சியைப் பற்றிக் கூச்சத்தோடு அறிவித்து, மற்றவர்களின் கருத்தைக் கேட்டவர். பிற்காலத்தில் அவருடைய மின்னஞ்சல்களின் காரம் உலகறிந்ததாயிற்று. 2018 செப்டம்பரில் அவரே அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பணியிலிருந்து விலகி நின்றார். கர்னல் சமூகம் அப்போது ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. அதன்பிறகும் பேட்ச்சை வரிவரியாகச் சோதிக்கும் கண்டிப்பு குறையவில்லை. நிரலைக் குறை சொல்வதும் எழுதியவரைக் குறை சொல்வதும் வேறு வேறு என்பது எழுத்தில் பதிவாயிற்று.

கதவைத் திறப்பதற்கும் ஒரு நுட்பம் உண்டு. பல திட்டங்களில் 'முதல் வேலைக்கு ஏற்றது' என்று முத்திரையிட்ட எளிய பிழைகளைத் தனியே ஒதுக்கிவைக்கிறார்கள். அனுபவசாலி பத்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய வேலை அது. ஆனாலும் விட்டுவைக்கிறார், ஏனென்றால் அங்கே கிடைக்கும் பலன் ஒரு புதிய கை.

எல்லாரையும் நம்பிவிட முடியுமா? 2024 மார்ச்சில் அந்தக் கேள்வி பயங்கரமாக எழுந்தது. 'எக்ஸ்-இசட்' என்ற சிறு சுருக்குநிரலை ஒருவர் ஏறக்குறையத் தனியாளாகக் காத்துவந்தார். மனம் சோர்ந்திருந்த அவரை, வேலை தாமதமாகிறது என்று முகம் தெரியாதவர்கள் நெருக்கினார்கள். அதே நேரத்தில் இன்முகத்தோடு உதவிக்கு வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, கடைசியில் அதற்குள் ஒரு கள்ளவழியைப் பொதித்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைக் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் உலகம் தப்பியது. அவர் பாதுகாப்புத் துறை வல்லுநர்கூட இல்லை, தரவுத்தள நிரலாளர். நிரல் திறந்து கிடந்ததால் துருவ முடிந்தது.

இதைப் படித்துக் கதவைச் சாத்தத் தோன்றும். நான் வேறு பாடம் படிக்கிறேன். அந்தத் தனி ஆளின் பக்கத்தில், பல ஆண்டுகளாகப் பக்குவமாய்ப் பழக்கப்பட்ட நாலு பேர் இருந்திருந்தால் வஞ்சகருக்கு இடமே கிடைத்திருக்காது. அந்த நாலு பேரும் எங்கிருந்தோ வானத்திலிருந்து குதிப்பதில்லை. எப்போதோ எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பி, "நன்றி, அடுத்து இதையும் பாருங்களேன்" என்ற பதிலைப் பெற்றவர்களிலிருந்துதான் வரவேண்டும்.

கர்னலின் வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' என்ற கருவியில் ஒவ்வொரு திருத்தமும் அனுப்பியவர் பெயரோடும் நாளோடும் பதிவாகிறது. நினைவக மேலாண்மையையே மாற்றி எழுதியவர் பெயரும், ஒரு குறிப்பில் விடுபட்ட ஓர் எழுத்தைச் சேர்த்தவர் பெயரும் அதில் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அந்த ஓர் எழுத்துக்கு எதிரே, அதைப் படித்து ஏற்றுக்கொண்ட பராமரிப்பாளரின் பெயரும் இருக்கிறது.