உங்களுக்குத் தெரியுமா? உடைவதற்கென்றே ஒரு சிரிஞ்சு!

சில சிரிஞ்சுகளின் உந்துதண்டில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான இடம் வைத்து வார்க்கிறார்கள். ஊசி போட்டபின் மறுபடி மருந்தை இழுக்கப் பார்த்தால் தண்டு பூட்டிக்கொள்ளும். பலம் போட்டு இழுத்தால், பட்டென்று முறியும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடவே முடியாது.

• இவ்வகையில் பேர்பெற்றது ‘கே1’. வடிவமைத்தவர் இங்கிலாந்துக்காரர் மார்க் கோஸ்கா. பயன்படுத்திய ஊசிகளால் எய்ட்ஸ் பரவும் என்று 1984-இல் ஒரு நாளிதழில் படித்ததுதான் தொடக்கம். விற்பனைக்கு வந்ததோ 2001-இல்!

• கெட்டிக்காரத்தனம் சிக்கனத்தில் இருக்கிறது. கூடுதல் உதிரிபாகம் எதுவும் இல்லை. குழாயின் உட்சுவரில் சின்னதாக ஒரு வளையம், தண்டில் அந்தப் பலவீனமான இடம், அவ்வளவுதான். ஆலையில் ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களிலேயே சிறு மாற்றத்துடன் வார்க்கலாம். புது ஆலை கட்டச் சொல்லியிருந்தால் எந்த முதலாளி காதுகொடுத்துக் கேட்டிருப்பார்?

• பிளாஸ்டிக் வார்ப்பில் நேரம்தான் காசு. உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறி இறுகும்வரை இயந்திரம் காத்திருக்க வேண்டும். சுவரின் தடிமன் இரண்டு மடங்கானால், ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சிரிஞ்சுக் குழாய் அத்தனை மெல்லிசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடப் பெருமளவில் பயன்பட்ட 0.5 மி.லி. சிரிஞ்சும் ஒருமுறை மட்டுமே வேலை செய்யும் இனம்தான்.

எந்தச் சிரிஞ்சானாலும், உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.