திரும்பி வந்தா இறங்க இடமில்லை: ராணுவ விமானிகளின் வானிலைக் கணக்கு

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வானிலை எவ்வளவு மோசமானா ஒரு ராணுவ விமானி தன் தளத்தில் இறங்கக் கூடாது? அப்போ அவர் எங்கே போவார்?

1943 டிசம்பர் 16. பிரிட்டிஷ் விமானப்படை 483 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களை பெர்லினுக்கு அனுப்புது. எதிரி எல்லைக்குள் 25 போச்சு. மீதி விமானங்கள் கடலைத் தாண்டி இங்கிலாந்து வந்து பார்த்தா, ஓடுபாதையே தெரியல. மேகம் அவ்வளவு தாழ்வா இறங்கியிருந்தது. ஒரு வெளிச்சமாவது தெரியாதான்னு சுத்திச் சுத்தி வந்ததில் எரிபொருளும் தீர்ந்துக்கிட்டே வந்தது. சில குழுவினர் பாராசூட்டில் குதிச்சாங்க. சொந்த ஊர் வானத்தில் மட்டும் 29 லங்காஸ்டர்கள் நொறுங்கின, ஏறக்குறைய 150 பேர் இறந்தாங்க. எதிரியைவிட மேகம் அதிகமா வீழ்த்திய அந்த நாளுக்குப் பேர் ‘கறுப்பு வியாழன்’.

பக்கத்துத் தளத்துக்குப் போயிருக்கலாமேன்னு தோணும். ஆனா பக்கத்துத் தளங்கள் மேலயும் அதே மேகம்தான். மாற்றுத் தளத்துக்கான முதல் விதி இதுலயே இருக்கு: அது கிட்ட இருந்தா மட்டும் போதாது, அதன் வானிலையும் வேறா இருக்கணும்.

இன்னைக்கு இதை ரெண்டு எண்கள் தீர்மானிக்குது. ஒண்ணு ‘சீலிங்’, அதாவது வானத்தில் பாதிக்கு மேல் மூடியிருக்கும் மேகத்தின் அடிமட்ட உயரம். இன்னொண்ணு, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுதுங்கறது. அமெரிக்க விமானப்படையில், போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சீலிங் 2,000 அடிக்குக் கீழேயோ பார்வைத் தூரம் 3 மைலுக்குக் கீழேயோ போகும்னு முன்னறிவிப்பு சொன்னா, கிளம்பும் முன்பே மாற்றுத் தளத்தைக் குறிச்சாகணும். அந்த மாற்றுத் தளத்தின் வானிலை, இறங்கத் தேவையான குறைந்தபட்ச அளவைவிடத் தாராளமா நல்லா இருக்கணும். ஏன்னா அங்கே போய்ச் சேரும்போது மூணாவது இடத்துக்குப் போக எரிபொருள் மிச்சமிருக்காது.

ஓடுபாதை நீளம் போதுமா? மேகத்துக்குள் வழிகாட்டும் கருவி நம்ம விமானத்தோட பொருந்துமா? அந்த நேரத்தில் தளம் திறந்திருக்குமா? இதையும் பார்க்கணும்.

விமானியையும் பொறுத்தது இது. பிரிட்டிஷ், இந்திய விமானப்படைகளில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் திறனுக்கு ஒயிட், கிரீன், மாஸ்டர் கிரீன்னு தரவரிசை உண்டு. தரம் குறைவா இருந்தா, அவருக்கு இன்னும் நல்ல வானிலை வேணும்.

கடைசியா ‘பிங்கோ’. தளத்துக்கோ மாற்றுத் தளத்துக்கோ பத்திரமா போய்ச் சேரத் தேவையான எரிபொருள் அளவு அது. முள் அந்த எண்ணைத் தொட்டதும், பணி பாதியில் இருந்தாலும் சாதாரணமா கிளம்பிடணும். அந்த எண்ணைத் தரையில், பதற்றமில்லாத நேரத்தில் கணக்குப் போட்டு வைக்கறாங்க. மேலே போன பிறகு, ‘இன்னும் ஒரு சுத்து சுத்திப் பார்க்கலாமே’ன்னு மனசு பேரம் பேச ஆரம்பிச்சிடும்.