வில்லும் விண்ணப்பமும்

பொது நிலம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் உள. சர்க்கார்க் கணக்கைப் புரட்டினால் ஒரு விடை கிடைக்கும். ஊர்ச் சாவடியில் அமர்ந்திருக்கும் முதியோரைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். கணக்கின்படி, பட்டாவில் ஒருவர் பெயரால் ஏறாத நிலம் சர்க்காருடையது. மந்தைவெளி, ஏரி உள்வாய், வண்டிப்பாட்டை, சுடுகாடு முதலியவை புறம்போக்கு. அவற்றிற்கப்பால் எல்லைக் கற்களுக்குள் அடங்கியது ரிசர்வ் காடு. முதியோர் கூற்றோ வேறு. இவ்வெளியில் எம் பாட்டன் மாடு மேய்த்தான், இக்காட்டில் தேனெடுத்தான், இச்சரிவில் சாமை விதைத்தான். ஆகவே இஃது ஊருக்குப் பொது என்பர். இவ்விரு விடைகளும் மோதுமிடத்திலேதான் பிணக்குப் பிறக்கிறது. அப்பிணக்கைத் தீர்க்க ஆயுதம் ஏந்துவதா, அமைதியான அரசியல் முறையைக் கைக்கொள்வதா என்பதைத் தருமபுரி ஜில்லாவில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சட்டத்தின் நடைமுறையைச் சிறிது விளக்குவோம். ஏழைக் குடியானவன் ஒருவன் புறம்போக்கைத் திருத்திப் பயிரிட்டால், கர்ணம் அதனைச் ‘சிவாய் ஜமா’ என்று கணக்கில் எழுதுவார்; 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ‘பி மெமோ’ வரும்; அபராதம் கட்டவேண்டும். (கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார்; மெமோ ஒழியவில்லை.) மனமிரங்கும் தாசில்தார் வாய்த்தால், தர்காஸ்து மனுவின் பேரில் அந்நிலமே பட்டாவாதலும் உண்டு. காட்டு நிலத்திற்கு இவ்வழியும் அடைபட்டது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, ஒரு பரப்பை ரிசர்வாக்கக் கருதும் சர்க்கார் முதலில் தன் கருத்தை அறிவிக்கும். பின்னர் வன நிர்ணய அதிகாரி, அங்கே உரிமையுடையோர் குறித்த தவணைக்குள் வந்து கோருமாறு விளம்பரம் செய்வார். தவணைக்குள் கோரப்படாத உரிமை அற்றுப்போகும். ஏட்டில் படிக்கும்பொழுது இது நியாயமாகவே தோன்றும். ஆயின், எழுத்தறியாத மலைக்குடியினர்க்கு அடிவாரத்துச் சாவடியில் ஒட்டிய காகிதத்தால் யாது பயன்? செய்தி மலையேறுமுன் தவணை கழிந்துவிடும்.

தருமபுரி ஜில்லா 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி இதனின்று பிரிந்தது. சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரத்துக் காடுகள் எனக் காட்டுவளம் மிக்க நாடு. சித்தேரியில் வாழும் மலையாளி என்னும் குடியினர் கேரள நாட்டாரல்லர். காஞ்சிபுரத்தினின்று வந்து மலையேறியவர் என்பது அவர்தம் கர்ணபரம்பரை. இவர்களுடைய காடுகளில் சந்தனம் விளைந்தது. அம்மரம் இவர்களுக்குச் செல்வம் தந்ததினும் தொல்லை தந்ததே மிகுதி. மரத்தை வெட்டுவித்துப் பொருள் குவித்தவர் வெளியூர் வியாபாரிகள். கூலிக்குச் சுமந்தவரும், பிடிபட்டவரும், பிடிபடாமலே அடிபட்டவரும் மலைமக்கள்.

இனி, ஆயுத வழியை நோக்குவோம். மேற்கூறிய 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமையே, அக்காலத்துச் சென்னை இராஜதானியின் வடகோடியில் இரம்பா கலகத்தை மூட்டிற்று. ‘போடு’ என்னும் மலைச்சாகுபடி தடுக்கப்பட்டது. காட்டுப் பாதை போடுவதற்கு மலைமக்கள் அற்பக் கூலிக்கு வருத்தப்பட்டனர். 1922 ஆகஸ்டில் அல்லூரி சீதாராமராஜு என்னும் இளைஞர் அம்மக்களைத் திரட்டிச் சிந்தப்பள்ளி முதலிய போலீஸ் நிலையங்களைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கவர்ந்து சென்றார். வில்லும் அம்புமாகத் தொடங்கிய போர் ஏறக்குறைய ஈராண்டு நீடித்தது. 1924 மே 7-இல் அவர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் வீரத்தை மறுப்பார் எவருமிலர். ஆயின் அவர் எதிர்த்த சட்டமோ, தமிழ்நாட்டு வனச் சட்டம் என்று பெயர் மாறி நம் நாட்டில் நின்று நிலவுகிறது.

தருமபுரியிலும் இவ்வழியே நடந்து பார்த்தவர் உண்டு. 1967-இல் வங்காளத்து நக்சல்பாரியில் மூண்ட நிலப்போரின் பொறி, அடுத்த பத்தாண்டில் தருமபுரி, வடஆர்க்காடு ஜில்லாக்களிலும் விழுந்தது. கந்துவட்டி, குறைந்த கூலி, தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை ஆகிய தீமைகளை எதிர்த்து அப்பு, பாலன் முதலியோர் இளைஞரைத் திரட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட குறைகள் பொய்யல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்; இரட்டைக் குவளை ஒழிந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு என்று அவ்வூர்ப் பெரியோர் கூறுவர். ஆயின் நிகழ்ந்தது என்ன? 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரை அடுத்து வெடிகுண்டுக்குப் போலீஸ் ஆய்வாளர் ஒருவரும் வேறு சிலரும் இரையாயினர். அந்த ஆய்வாளரின் சிறு மகள் அஜந்தாவின் பெயரையே சூட்டிப் போலீசார் பெருவேட்டை தொடங்கினர். மறுமாதம் பாலன் போலீசார் கையிற் சிக்கியபின் மாண்டார். இளைஞர் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2002 நவம்பரில், அப்பொழுது தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊத்தங்கரையில் மீண்டும் ஒரு மோதல் நிகழ்ந்தது, ஒருவர் மாண்டார், பலர் ‘பொடா’ச் சட்டத்தின்கீழ்ச் சிறை புகுந்தனர்.

ஆயுதம் ஏந்தியவுடன் வினாவே மாறிவிடுகிறது என்பதை இவ்விடத்தில் கவனித்தல் வேண்டும். நேற்றுவரை ‘இந்நிலம் யாருடையது?’ என்று கேட்ட பத்திரிகைகள், இன்று ‘சுட்டவன் யார்?’ என்று கேட்கின்றன. தாசில்தாரும் காட்டிலாகாவும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பினின்று விடுபடுகின்றனர். போலீசார் அவ்விடத்தில் வந்து நிற்கின்றனர். அன்றியும், துப்பாக்கி வைத்திருப்போர் சிலரே. அதற்குரிய தண்டனையைப் பெறுவோர் ஊரார் அனைவரும். சந்தனக் கடத்தற்காரன் வீரப்பன் எவ்வுரிமைக்கும் போராடியவன் அல்லன். ஆயினும் அவனைத் தேடிய பெரும்படையால் மலைக்கிராமத்து மக்கள் பட்ட பாட்டை, மனித உரிமை ஆணையம் நியமித்த சதாசிவா குழுவே விசாரிக்க வேண்டியதாயிற்று. அவன் 2004 அக்டோபர் 18-இல் வீழ்ந்த இடம் பாப்பாரப்பட்டிக்கு அருகில் உள்ளது. தேசபக்தர் சுப்பிரமணிய சிவா 1925-இல் உயிர் நீத்த அதே பாப்பாரப்பட்டிதான். ஓர் ஊரின் பெயர் எதனெதனோடு சேர்த்து நினைக்கப்படுகிறது, பாருங்கள்!

‘அஞ்சினாலன்றி அதிகாரிகள் செவிசாய்ப்பரோ?’ என்று நம் நண்பர் சிலர் வினவுவர். இவ்வாதத்தை எளிதிற் தள்ளிவிட இயலாது. தெலுங்கானாவில் 1946 முதல் 1951 வரை ஆயுதப் போர் நடந்த பகுதியிலேதான், 1951 ஏப்ரல் 18-இல் போச்சம்பள்ளி கிராமத்தில் வினோபா பாவேக்கு முதல் நூறு ஏக்கர் பூதானம் கிடைத்தது. நிலவுடைமையாளரின் ஈகையில் அச்சத்துக்கு எவ்வளவு பங்கு, அன்புக்கு எவ்வளவு பங்கு என்று நிறுத்துக் காட்ட யாரால் இயலும்? பூதானத்தில் வந்த நிலத்திலும் கல்லும் கரம்பும் வில்லங்கமும் மலிந்திருந்தன. ஆகவே அமைதி வழி என்றவுடன் எல்லாம் கைகூடும் என்று யாம் கூறவில்லை. அமைதி என்பது கைகட்டி இருத்தல் அன்று என்பதை மட்டும் வற்புறுத்துகின்றோம். அதற்கு அரூரை அடுத்த வாச்சாத்தி சான்று.

வாச்சாத்தி, சித்தேரி மலையடிவாரத்துச் சிற்றூர். மலையாளிக் குடியினரே பெரும்பாலோர். 1992 ஜூன் 20-ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறிக் காட்டிலாகாவினர், போலீசார், ரெவின்யூ அதிகாரிகள் ஆகியோர் பெருங்கூட்டமாய் அவ்வூரிற் புகுந்தனர். மக்கள் அடித்து இழுத்துவரப்பட்டனர், வீடுகள் சூறையாயின, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், சந்தனம் திருடினர் என்னும் குற்றச்சாட்டின் பேரிற் சிறையில் அடைக்கப்பட்டனர். ஊர் பாழாயிற்று. நடந்ததொன்றுமில்லை என்று சர்க்கார் தரப்பு சாதித்தது.

அந்நாளில் அவ்வூர் இளைஞர் நாலைந்து பேர் நாட்டுத் துப்பாக்கியுடன் காடேறியிருந்தால் அவர்களைக் குறைகூற நமக்கு நா எழுமோ? எழாது. ஆயினும் அங்ஙனம் ஏறியிருந்தால், ‘கள்ளக் கடத்தற்காரர் ஊர்’ என்று அதிகாரிகள் கூறியது மெய்யென்றே உலகம் முடிவு கட்டியிருக்கும். அவ்வூரார் வேறு வழி சென்றனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் செய்தி அறிந்து ஊருக்கு வந்து, நிகழ்ந்ததை ஒவ்வொருவர் வாயாலும் கேட்டு எழுதினர். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரிற் சென்று ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1995-இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தது. குற்றஞ்சாட்டப்பெற்றோர் 269 பேர்: காட்டிலாகாவினர் 155, போலீசார் 108, ரெவின்யூ அதிகாரிகள் 6.

பின்னர் ஆண்டுகள் உருண்டன. தம்மை வருத்தியவரை அடையாளங் காட்டுமாறு பெண்கள் அழைக்கப்பட்டனர். எழுத்தறியாத அவர்கள் குறுக்கு விசாரணைக்கு அஞ்சாது நின்றனர். வழக்கு முடியுமுன் எதிரிகளுள் 54 பேர் இறந்தனர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி ஜில்லாச் செஷன்ஸ் கோர்ட்டு எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவருள் 17 பேர் பெண்களை வன்புணர்ந்தோர். ஒருவர் கூட விடுதலையாகவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே சென்று இடங்களைப் பார்வையிட்டார்; அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் முறையீடுகளைத் தள்ளித் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்குமாறும், அக்காலத்துக் கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்குமாறும் கட்டளையிட்டார்.

முப்பத்தோராண்டு! இதனை வெற்றி என்று சொல்ல நாக் கூசுகிறது. அன்று பள்ளிச் சிறுமியாயிருந்தவள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டாள். எனினும், சர்க்கார் ஊழியர் 215 பேரை ஒருங்கே தண்டித்த இத்தீர்ப்பை எவ்வில்லும் எத்துப்பாக்கியும் பெற்றுத் தந்திராது. வாக்குமூலம், மருத்துவச் சான்று, ஆணைய அறிக்கை, கோர்ட்டுத் தீர்ப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காகிதமே அம்மலைமக்களுக்கு அரணாயிற்று. அவர்களை எழுத்துக்குப் புறம்பாக்கிய அதே இராஜ்ய முறை, எழுத்தினாலேயே அவர்களுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது.

பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் சுருங்கக் கூறுவோம். 2016 ஜனவரி 2-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், மேய்ச்சல் நிலம் மத்திய சர்க்காருக்கு உரியதன்று என வாதிட்ட ஒரு கூட்டத்தார் மால்ஹூர் பறவைச் சரணாலயத்தைத் துப்பாக்கிகளுடன் கைப்பற்றினர். 41 நாள் கழித்து அது முடிந்தது. இடையில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். தலைவர்களை ஜூரிகள் விடுதலை செய்தது உண்மையே. ஆயினும் நிலம் முன்போலவே சர்க்கார் வசம் இருக்கிறது. துப்பாக்கியுடன் சர்க்கார்க் கட்டடத்தைப் பிடித்துப் பின் வீடு திரும்புதல் வாச்சாத்தியாருக்குக் கிட்டக்கூடிய பேறா என்பதைப் படிப்போரே எண்ணிக்கொள்க.

நிற்க. 1882-ஆம் ஆண்டின் அநீதிக்குக் கழுவாய் தேடியது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பல மாநிலத்து மலைமக்கள் சங்கங்கள் ஊர்வலமும் மனுவுமாக நடத்திய கிளர்ச்சியின் பயன் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே காட்டு நிலத்தில் வாழ்ந்து உழுத பழங்குடியினர், குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமைப் பட்டயம் பெறலாம்; மேய்ச்சல், தேன், புளி, கடுக்காய் முதலியவற்றில் ஊர்ப்பொது உரிமையும் கோரலாம். பிற குடியினராயின் மூன்று தலைமுறை வாசம் காட்டவேண்டும். கோரிக்கையை முதலில் ஆராயும் அதிகாரம் கிராம சபைக்கு உரியது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் உயர்நீதிமன்ற இடைக்காலக் கட்டளை ஒன்றால் பட்டயம் வழங்குவது தடைப்பட்டுக் கிடந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று.

இச்சட்டத்தின் விதிகளில் எமக்கு வியப்பளித்தது சாட்சியப் பகுதியே. ரேஷன் அட்டையும் வீட்டு வரி ரசீதும் மட்டுமல்ல. பழைய கிணறு, வரப்பு, இடுகாடு, தெய்வம் உறையும் மரம் ஆகியவையும் சான்றாகும். ஊர் முதியோர் வாய்ச்சொல்லும் எழுத்தில் இறக்கப்பட்டால் சான்றாகும். கோர்ட்டுத் தீர்ப்புகளும் சான்றாகும். எனவே, காட்டில் அத்துமீறி உழுதான் என்று பாட்டனைத் தண்டித்த தீர்ப்பு நகல், பேரன் அந்நிலத்தைக் கோரும்பொழுது அவன் பக்கத்துக் காகிதமாகின்றது. தனி உரிமைக்கு ‘ஏ’ படிவம், ஊர்ப்பொது உரிமைக்கு ‘பி’ படிவம், ஊரார் காத்துவந்த காட்டு வளத்திற்குச் ‘சி’ படிவம். மலைக்கிராமங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர், விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் தங்கள் கிராம சபை இம்மூன்றில் எதனை நிரப்பியிருக்கிறது, எது எந்தக் குழுவின் முன் நிலுவையில் நிற்கிறது என்று விசாரித்து வருவாராக.