கடைசி ஐந்து மில்லிகிராம்

ஒருவர் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் அவருடைய மாத்திரை அட்டை அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. "மூணு நாள்தானே, இப்பத்தான் நல்லா இருக்கேனே" என்று அவரும் விட்டுவிடுகிறார். இரண்டாம் நாள் பந்தியில் பக்கத்து இலைப் பக்கம் திரும்பினால், தலைக்குள் சுரீரென்று ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது. குமட்டல், தள்ளாட்டம், காரணமே இல்லாமல் அழுகை. "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுக்கிறார்கள்.

மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு இப்படித்தான் ஆகிறது. வென்லாஃபாக்சின், பராக்செடின் போன்றவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் தொல்லையும் சீக்கிரம் வரும். ஃப்ளூவாக்செடின் வாரக்கணக்கில் தங்கி மெல்லக் கரையும். 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் 2024இல் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, நிறுத்துபவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் மருந்து விலகியதாலேயே அவதிப்படுகிறார். 35 பேரில் ஒருவருக்கு அது கடுமையாகிறது.

இந்த அவதியைத் தானே பட்டவர் மார்க் ஹோரோவிட்ஸ், மனநல மருத்துவத் துறையில் ஆய்வு செய்யும் ஆஸ்திரேலிய மருத்துவர். தான் பல ஆண்டுகள் சாப்பிட்டுவந்த எஸ்சிட்டலோப்ராமைக் குறைக்க முயன்றபோது தூக்கம் போனது, விடியும்போதே பீதி பிடித்தது. படித்த பாடநூல்கள் கைகொடுக்கவில்லை; அதே பாடு பட்ட நோயாளிகளிடமிருந்துதான் வழி தெரிந்துகொண்டார். 2019இல் மனநல மருந்தியல் பேராசிரியர் டேவிட் டெய்லருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒரு கணக்கைத் தெளிவாக்கியது. அதே வகை மருந்தான சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம், மூளையில் தான் பற்றவேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதை 5 மில்லிகிராமாகக் குறைத்தாலும் கிட்டத்தட்ட 60 சதவீதம் பிடியில் இருக்கும். அதாவது 15 மில்லிகிராமைக் குறைத்ததில் இறங்கியது 20 படிதான். மிச்சமிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு 5 மில்லிகிராமை விட்டால் ஒரேயடியாக 60 படி விழுகிறோம். பாதி, கால் என்று குறைத்துவிட்டு "இனி இது எதுக்கு" என்று தூக்கிப்போடும் இடத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். அதை மனஉறுதி இல்லாத குறை என்று வீட்டார் சொல்லும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, இந்த அவதியைப் பழைய நோய் திரும்பியதாக எண்ணிக்கொள்வது. நோய் திரும்பினால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல வரும். அதில் தலைக்குள் ஷாக் அடிக்காது. மருந்து விலகிய தொல்லையோ பெரும்பாலும் ஓரிரு நாளில் தொடங்கும், பழைய அளவுக்குத் திரும்பினால் பொதுவாகச் சீக்கிரம் தணியும். இரண்டில் எதுவானாலும், உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் ஆள் உண்டு.

குறைப்பதை மருத்துவர் துணையோடுதான் செய்யவேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை வீட்டில் கத்தியால் நறுக்கக் கூடாது. கடைசிப் படிகளுக்குத் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். தினசரி காலண்டர் தாளில் அன்றைய அளவையும் முந்தைய இரவின் தூக்கத்தையும் குறித்து, அந்தத் தாள்களை அடுத்த முறை மருத்துவர் மேசைமீது வையுங்கள்.